ஒற்றை மணிக்கு அடிக்காதீர்கள்: நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஞாயிறு கோல்ஃப்

நுவரெலியாவில் கோல்ஃப் ஆடப் போனால் ஒரு சுற்றிலேயே பர்ஸ் காலி. எனக்கு அது கட்டுப்படியாகாது. நான் தொலைபேசிக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன். ஹட்டனில் வேலை செய்தபோது, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பழைய ஏழு குழி மைதானம் இருப்பதாகவும், உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் ஞாயிறுதோறும் ஆடுவதாகவும் கேள்விப்பட்டேன். பெப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு போனேன். தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

ஹட்டனில் காலை 5.40க்கு பஸ், 140 ரூபாய். நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவிலிருந்து ஆட்டோ, 4.2 கிலோமீட்டர், 700 ரூபாய். பேரம் பேசினால் 600க்கு வரலாம். எனக்குப் பொறுமை இல்லை. 7.10க்கு இறங்கும்போது 13 பாகை செல்சியஸ் குளிர். நீர்த்தேக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறி, தேயிலை மலையின் பாதியை விழுங்கியிருந்தது. ஆட்டோக்காரர் மைதானத்து வாசல் வரை வரவில்லை. "இதுக்கு மேல ரோடு சரியில்லைங்க" என்றார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

மூவரும் காத்திருந்தார்கள். ராமையா, தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். சிவலிங்கம், மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். தேவகி டீச்சர், மூவரில் நன்றாக ஆடுபவர். ஆளுக்கு 300 ரூபாய், புல் வெட்டும் செலவுக்கு. மட்டை அவர்களே தருவார்கள்.

நாலாவது குழிதான் சிக்கல். மேட்டிலிருந்து அடிக்க வேண்டும். 118 மீட்டர் தள்ளி, தேயிலைச் சரிவுக்குப் பின்னால் குழி, இங்கிருந்து தெரியாது. அதற்கு முன்னால், லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகளின் ஆட்கள் நடக்கும் குறுக்குப் பாதை. அதனால் ஒருவர் முன்னால் இறங்கிப் போய், பாதையில் ஆள் இல்லை என்று பார்த்து, அங்கே தண்டவாளத் துண்டில் தொங்கும் மணியை அடிப்பார். காற்றில் அடித்துவிடாமலிருக்க மணியின் நாக்கைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள்.

"ரெண்டு அடி, கொஞ்சம் நிறுத்தி ஒரு அடி. அதுதான் நம்ம மணி" என்றார் டீச்சர். "ஒத்தையா அடிச்சா..."

"விளங்குதுங்க டீச்சர், மணி அடிச்சா அடிக்கணும்" என்றேன். மீதியைக் கேட்டிருக்க வேண்டும்.

7.50க்குச் சிவலிங்கம் பனிக்குள் இறங்கினார். பத்தடியில் மறைந்துவிட்டார். தூரம் அளக்கும் லேசர் கருவியை எடுத்தேன். ஒருமுறை 9 மீட்டர் என்றது, ஒருமுறை 40. ஆறு நிமிடம் நின்றோம். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பிறகு மணி கேட்டது. ஒரே ஓர் அடி, பக்கத்தில் நின்று அடித்தது போலத் தெளிவாக.

எட்டாம் நம்பர் மட்டையைச் சுழற்றி அடித்தேன்.

"அடிக்காதீங்க!" என்று ராமையா கத்தியபோது பந்து பனிக்குள் போய்விட்டிருந்தது. கீழே 'தட்' என்று ஒரு சத்தம். புல்லில் விழுந்த சத்தம் இல்லை அது.

"சிவலிங்கம் அண்ணே!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். டீச்சர் என் கையைப் பிடித்தார். "கீழ இருந்து சத்தம் குடுக்க மாட்டாரு. மேல இருக்கிறவன் அதையும் 'அடி'ன்னு எடுத்துக்கிட்டா?"

118 மீட்டர் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

பாதையில் இரண்டு பேர் குப்புறக் கிடந்தார்கள். முதலில் அசைந்தது சிவலிங்கம். அடுத்து ஒரு பெண் எழுந்தார், கையில் செருப்புடன். பக்கத்தில் கிடந்த அவருடைய விறகுக்கட்டில் என் பந்து சிக்கியிருந்தது.

"எந்தப் பய அடிச்சது? அண்ணன் இழுத்துப் போடலைன்னா இன்னிக்கு என்னையத்தான தூக்கிட்டுப் போயிருப்பீங்க!"

"மன்னிச்சிருங்கக்கா. மணி கேட்டுச்சு."

"எனக்குந்தான் கேட்டுச்சு. ஒத்த மணிக்கு அடிப்பியா? கம்ப்யூட்டரெல்லாம் படிச்ச மூஞ்சியா இருக்கு!"

சிவலிங்கம் மண்ணைத் தட்டிக்கொண்டே, "நான் இன்னும் அடிக்கல தம்பி" என்றார். மணியிடம் போனேன். துணி கட்டியபடியே இருந்தது. முடிச்சின் மேல் பனித்துளிகள், ஒன்றும் கலையவில்லை.

நான் காரணம் தேடுபவன். குளிர்காலக் காலையில் தண்ணீர்மேல் குளிர்காற்று படிந்திருக்கும்போது தூரத்துச் சத்தம் வளைந்து வந்து பக்கத்தில் கேட்கும்; நீர்த்தேக்கத்தின் அக்கரையில் உள்ள கோயில் மணியாக இருக்கும் என்று விளக்கினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "அந்தக் கோயில்ல மணி இல்லை தம்பி. ஸ்பீக்கர்தான்."

"அப்ப எங்கிருந்து வருது?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுக்கா ஞாயித்துக்கிழமை வர்றோம்?" என்றார் ராமையா. "ரெண்டு-ஒண்ணுன்னு வச்சுக்கிட்டோம். ஆடுறோம்."

ஏழு குழிகளை இரண்டு முறை சுற்றுவது வழக்கம். இரண்டாம் சுற்றில் நாலாவது குழிக்கு வந்தபோது 9.35. மூட்டம் கலையவில்லை. இந்த முறை நான் போகிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை.

மணிக்கு இரண்டடி தள்ளி நின்றேன். அதே அக்கா அடுத்த கட்டு விறகோடு வந்தார். "நில்லுங்கக்கா, மேல ஆள் இருக்கு" என்றேன். "இப்ப தெரியுதா?" என்று சிரித்தபடி நின்றார்.

அப்போது அடித்தது. ஒரே ஓர் அடி.

நான் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை. துணி கட்டியே இருந்தது. சத்தம் வலப்பக்கமா, இடப்பக்கமா, மண்ணுக்குள்ளிருந்தா, என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா கட்டைப் போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் குனிந்தோம். என் கணக்குப்படி பந்து வந்து சேர ஐந்து விநாடி போதும். நான் முப்பது வரை எண்ணினேன்.

பந்து வரவில்லை. மேலே மூன்று பேரும் அதைக் கேட்டிருப்பார்கள். மூன்று பேரும் மட்டையை இறக்கியிருப்பார்கள்.

அக்கா கட்டைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடந்தார். அவர் காலடிச் சத்தம் அடங்கியபின் துணியை அவிழ்த்தேன். இரண்டு அடி. நிறுத்தம். ஒன்று. சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து டீச்சரின் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

போகிறவர்களுக்கு: 7 மணிக்குள் போய்விடுங்கள். நனைந்தால் மாற்ற ஒரு சோடிக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ஆட்டோவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அங்கே சிக்னல் இல்லை. லேசர் கருவி வேண்டாம். டீச்சர் விதி சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். ஒற்றை மணி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டால் மட்டையை இறக்குங்கள். கீழே ஒருவர் உங்களை நம்பிக் குனிந்து, எண்ணிக்கொண்டிருப்பார்.