அடக்கப் பதிவேட்டில் இல்லாதவள்

எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்துக்கு அருகே ஒரு மாதா கோயிலில், சாமியாருக்குத் துணையாகப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். பழைய பதிவேட்டைப் பிரித்ததும் நமக்கு வேண்டிய வரியை மட்டும் விட்டுவிட்டு, மேலும் கீழும் அட்டை வைத்து மூடிவிடுவார். அடுத்த வீட்டுச் சங்கதி நம் கண்ணில் படக்கூடாதாம்.

நான் தேடி வந்தது என் கொள்ளுப்பாட்டியை. நான்கு முறை கல்யாணம் ஆனவள். ‘புருஷனை முழுங்கினவ’ என்று உறவில் இன்னும் ஏசுவார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்பா, அவள் கல்லறையைக் கண்டுபிடித்து ஜெபம் சொல்லிவிட்டு வரச் சொல்லியிருந்தார்.

நான்கு கல்யாணமும் பதிவாகியிருந்தன. நான்கு கணவர்களின் அடக்கமும் இருந்தது. மூன்று பேருக்குக் காலரா. ஒவ்வொரு முறையும் கைக்குழந்தையோடுதான் அடுத்தவரைக் கட்டியிருக்கிறாள். அவளுடைய அடக்கம் மட்டும் இல்லை. உபதேசியார் மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் எல்லாப் பதிவேட்டையும் மறுபடி புரட்டினார்.

“இல்லீங்கம்மா. மன்னிச்சுக்குங்க.”

“நீங்க என்னங்கய்யா பண்ணுவீங்க? அப்ப நீங்க பொறக்கவே இல்லியே.”

“நாலு பேரையும் தூக்கிக்கினு போயி நாங்கதான பொதைச்சோம்? அந்தம்மா எங்க போனாங்கன்னு நாங்க ஒருத்தரும் கேக்கலியே.”

விழுப்புரம் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எண்பது வருஷத்துக்கு முந்திய காரியத்துக்கு அந்த உபதேசியார் ஏன் ‘நாங்க’ என்றார்? அவள் வயிற்று வழியில் வந்த நாங்கள் ஒருமுறைகூட ‘நாங்க கேக்கலியே’ என்று சொன்னதில்லை.