அப்பா பெயர் இல்லாத மனுக்கள்

"உங்கப்பா பஞ்சாயத்து பிரசிடெண்டா இருந்து என்னதான் செஞ்சாரு மிஸ்?" என்று முன்பு ஒரு மாணவி கேட்டாள். "ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்" என்றேன்.

இன்று அதை நிரூபிக்க முடியவில்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு, மறைந்த அப்பாவின் பெயரை வைக்கக் கேட்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனேன். ஆதாரமாக அவர் காலத்துக் குடிநீர் மனுக்களின் நகல்களையும் வைத்திருந்தேன்.

கிளார்க் புரட்டிப் பார்த்தார். "எதுலயும் அவர் பேரே இல்லையேங்க?"

இருக்காது. அப்பா எழுதித் தருவார். குடம் தூக்குகிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், ஆபீசுக்கும் அவரேதான் போக வேண்டும் என்பார்.

வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தெரு மும்தாஜ் அக்கா. எட்டிப் பார்த்து, "இது என் கையெழுத்து சார். அவருதான் எழுதிக் குடுத்தாரு. அன்னைக்கு இந்தப் படி ஏறவே பயந்தேன்" என்றார்.

"இப்ப வாராவாரம் வந்து எங்கள பயமுறுத்துறீங்க" என்று கிளார்க் சிரித்தார். "இதையே எழுதிக் குடுங்க, அது போதும்."

"பேப்பர் குடுங்க டீச்சர். மனுவையும் நானே போடுறேன்."

என் மனு பைக்குள் திரும்பியது. அக்காவின் மனுவுக்கு ரசீது கிடைத்தது. அப்பாவுக்கு இதில் பரம திருப்தியாக இருந்திருக்கும்.

உங்கள் தெருக் குழாய்க்கு யார் அலைந்தார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அந்தப் பெயரை இங்கே எழுதுங்கள்.