கீரை சாரின் பை

கீரைக்கட்டை வாங்கியதும் யக்ஞநாராயணன் அதைப் பைக்குள் போடமாட்டார். முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். விடியற்காலையில் அறுத்த கீரையின் தண்டு உள்ளேயிருந்து குளிரும், நேற்று அறுத்துத் தண்ணீர் தெளித்து வைத்தது மேலாக மட்டும் குளிரும் என்பது அவருடைய கட்சி. மாம்பாக்கத்துச் சாலையோரத் தோட்டத்தில் அவர் கண்ணெதிரே அறுத்துக் கட்டிய சிறுகீரைக்கும் இதே மரியாதைதான். "நாம பார்க்கத்தானேப்பா அறுத்தாங்க, அப்புறம் என்ன டெஸ்ட்டு?" என்று மகள் சின்மயி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்பாள். "அறுத்தான், சரி. சந்தோஷம்னு ஒண்ணு இருக்கோல்லியோ" என்பார்.

அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் பொழிச்சலூரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்கே இந்தக் குடும்பம் கிளம்புகிறது. பழைய கார். ஓட்டுவது சின்மயி. பின் சீட்டில் மனைவி மிருதுளா, மடியில் இட்லி டப்பா, பக்கத்தில் திருத்த வேண்டிய எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள். முன் சீட்டில், மடித்த துணிப்பையை முழங்காலில் விரித்து நீவிக்கொண்டு இவர். அவுட்டிங் என்றால் மற்றவர்கள் மாலுக்குப் போவார்கள், மாமல்லபுரத்துக்குப் போவார்கள். இவருக்கு ஏதாவது ஒன்று மண்ணிலிருந்தோ மரத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ கண்ணுக்கு முன்னால் வெளியே வர வேண்டும். தை மாதம் பனங்கிழங்கு பிடுங்குகிற இடத்தில் நிற்பார். சித்திரையில் நுங்கு சீவுகிறவரின் அரிவாளுக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "ஊர்ல எல்லாரும் கோயிலுக்குப் போறா, நாம கொத்தமல்லிக்குப் போறோம்" என்பாள் மிருதுளா. சொல்வாளே தவிர, ஒரு ஞாயிறு கூட அவள் வராமல் இருந்ததில்லை.

வயது ஐம்பத்தொன்பது. தாம்பரம் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் முப்பது வருடமாக இருக்கிறார். மாம்பழக் கூடை, மல்லிகைப்பூ மூட்டை, வெற்றிலைக் கட்டு, மீன் அடைத்த தெர்மோகோல் பெட்டி எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, "முந்தாநாள் சாயங்காலம் கட்டினது, ஜங்ஷன்ல நாலு மணி நேரம் வெயில்ல கிடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் சீட்டைப் பார்ப்பார். சரியாக இருந்தால் அன்று முழுக்க முகத்தில் ஒரு களை.

இந்த வித்தையோடு சேர்ந்து ஒரு வியாதியும் வந்துவிட்டது. பழசைப் புதுசு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மற்ற விஷயங்களில் அப்படி ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. லீவு போடுவதற்கு இல்லாத வயிற்றுவலியைச் சொல்வார், மிருதுளாவின் புதுப் புடவையைப் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்பார். ஆனால் கத்தரிக்காய் என்று வந்துவிட்டால் தெய்வத்துக்கும் தயவு கிடையாது. கல்யாணப் பந்தியில் "கூட்டுல போட்ட தேங்காய் நேத்திக்குத் துருவினது" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார், அவர் பெண்ணின் தகப்பனாராக இருப்பார். போன வருடம் சின்மயியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தட்டில் ஆப்பிள் கொண்டு வந்தார்கள். இவர் ஒன்றை எடுத்துக் காம்பைப் பார்த்துவிட்டு, "இது மரத்தை விட்டு இறங்கி ஆறு மாசம் ஆறது" என்றார், குற்றமாகக்கூட இல்லை, ஒரு தகவலாக. வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். சின்மயிக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை என்பதால் தகப்பனார் தப்பித்தார்.

இவ்வளவும் கேட்ட பிறகு, காய்கறி தவிர வேறெதையும் தொடாத இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கும் கடைசி இடம் கோவளத்து மீன் விற்கும் கரை என்றால், இது என்ன கூத்து என்று தோன்றும். சின்மயிக்கும் ஆறு வருடமாக அதுதான் தோன்றிக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு துண்டு மீன் அவர் வாயில் பட்டதில்லை. ஆனால் ஃபைபர் படகு மணலில் ஏறும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இதைவிடப் புதுசாக உலகத்தில் எதுவும் கிடையாது, இப்போதுதான் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது, அதைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்பது அவர் நியாயம். மிருதுளா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பாருங்கோ, வேண்டாம்னு சொல்லலை. தொடக்கூடாது." அன்றிலிருந்து கரையில் இறங்கினால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளும். கீரைப் பை அந்தக் கைகளில் தொங்கும். அப்படியே குந்தி உட்கார்ந்து கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

முதல் நாள் ரத்தினபாயிடம் நாற்பது கேள்வி கேட்டார். ரத்தினபாய் அந்தக் கரையில் குடைக்கடியில் மீன் விற்பவள். புருஷன் பொன்னுரங்கம் பிடித்து வருவதை விற்பாள், வேறு மீனைத் தொடமாட்டாள். கண் ஏன் முட்டிக்கொண்டிருக்கிறது, செவுள் எத்தனை மணி நேரம் சிவப்பாக இருக்கும், வஞ்சிரம் ஏன் பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. இருபதாவது கேள்வியில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா சார், வாங்கப் போறியா, இல்ல சென்சஸ் எடுத்துகினு கீறியா?"

"நான் சாப்பிடறதில்லைம்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

அவள் பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்தாள். "துன்னவும் மாட்டாராம், வாங்கவும் மாட்டாராம். கீரையத் தூக்கிகினு மீனுக்கு வந்துகீறாரு. நல்லா கீது போ." அன்று வைத்த பெயர்தான் கீரை சார். இப்போது கோவளத்தில் யக்ஞநாராயணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஆறே மாதத்தில் அவருக்கு வித்தை கைவந்துவிட்டது. கை என்று சொல்லக்கூடாது, கண். வாங்க வருகிறவர்கள் செவுளைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பார்கள். இவர் பின்னாலிருந்து, "அதை எடுங்கோ சார், தலையைப் பிடிச்சா வால் கிடையா நிக்கறது பாருங்கோ" என்பார். முதலில் ரத்தினபாய்க்கு இது பேஜாராக இருந்தது. பிறகு பார்த்தாள், அவர் சொன்ன மீன் பேரமில்லாமல் போகிறது. அவளே ஆளை முன்னால் நிறுத்த ஆரம்பித்தாள். "எங்க சாரைக் கேளு. அவுரு இத்தத் துன்னமாட்டாரு. துன்னாதவரு இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

சம்பளம் கிடையாது, முருங்கைக்கீரை உண்டு. அவள் வீட்டுப் பின்பக்கத்து மரத்திலிருந்து, மீனில் கை வைப்பதற்கு முன்னால் ஒடித்து, தனியாகக் குடைக் கம்பத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். தொடக்கத்தில் மிருதுளா அதை வீட்டில் மூன்று தண்ணீர் அலசினாள். இப்போது காரை விட்டு இறங்குவதற்கு முன்பே, "ஆணியில இருக்கா பாரு" என்று சின்மயியைக் கேட்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஆணியில் ஒன்றும் இல்லை.

அதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ரத்தினபாயைப் பார்த்தார். வழக்கமான கிண்டல் இல்லை. "வெயிலு ஏறிப்பூடும் சார், நீ கெளம்பு" என்றாள், நிமிராமல். மணி ஏழுகூட ஆகவில்லை, கடல் பக்கம் மேகம். வேறொருவராக இருந்தால் குறிப்பறிந்து நகர்ந்திருப்பார். இவருக்கு ஒன்று மாறியிருக்கிறது என்று தெரிந்தால் போதும், காலில் ஆணி அடித்துவிடும். அப்படியே குந்தினார். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த கோதண்டத்திடம் விசாரித்தார்.

"பொன்னுரங்கம் படகு எஞ்சினு படுத்து அஞ்சு நாளாச்சு சார்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "சாமான் வரணுமாம். அக்கா இன்னா பண்ணும்? வாடிக்கையை வுட்டா வேற கூடைக்குப் பூடும். அதான்…" கோதண்டம் மேலே சொல்லாமல் வலைக்குத் திரும்பிக்கொண்டான்.

சொல்லவும் தேவையில்லை. கூடையின் ஈரச் சாக்கை விலக்கி ரத்தினபாய் எடுத்து வைத்த ஒற்றைப் பெரிய வஞ்சிரத்தைச் சின்மயியே பார்த்தாள். ஆறு வருடம் அப்பாவுக்குப் பின்னால் நின்றதில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கண் உள்ளே விழுந்து பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. வால் தொங்கியது. எங்கேயோ சந்தையில் எடுத்து, ஐஸில் கிடந்து, இருட்டோடு ஷேர் ஆட்டோவில் வந்த மீன். முருங்கை ஒடிக்க ரத்தினபாய்க்கு நேரம் ஏது.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மனிதர் வந்தார். கேளம்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர், முன்பு ஒருமுறை இவர் சொல் கேட்டு வாங்கிப் போனவர். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நல்லவேளை நீங்க இருக்கீங்க. இன்னிக்கு சம்பந்தி வீட்ல சாப்பிட வர்றாங்க, பெரிய மீனா வேணும். இந்த அம்மா ஃப்ரெஷ்ஷுன்றாங்க. எனக்கு என்னமோ டவுட்டா இருக்கு. நீங்க சொல்லுங்க, எடுத்துக்கறேன்."

பக்கத்துக் கூடைகளில் பேரம் நின்றது. கரைக்கே தெரியும், கீரை சார் சொன்னால் சொன்னதுதான். ஐஸ் மீன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் இத்தனை வருடம் அந்தக் குடைக்கடியில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் ரத்தினபாய்க்கு அன்றோடு சரி. அடுத்த ஞாயிறு எஞ்சின் ஓடினாலும் ஜனம் திரும்பாது. ரத்தினபாய் எங்க சாரைக் கேளு என்றும் சொல்லவில்லை, கேட்காதே என்றும் சொல்லவில்லை. கத்தி முனையால் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என்ன சொல்வார் என்று சின்மயிக்குத் தெரியும், அதுதான் பயம். சொந்தப் பெண்ணின் வரனுக்கே தயவு பார்க்காத வாய். "அப்பா, போலாம்ப்பா, அம்மா கூப்பிடறா" என்றாள். அம்மா கூப்பிடவில்லை. அம்மா காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன கூட்டம் என்று பார்க்க மணலில் வந்துகொண்டிருந்தாள்.

யக்ஞநாராயணன் குனிந்து மீனைப் பார்த்தார். இவ்வளவு நேரம் எந்த மீனையும் அவர் பார்த்ததில்லை. உதடு ஒருமுறை பிரிந்து மூடியது. அதற்குள் பொய் ஒன்று வர முயற்சி செய்து, பழக்கமில்லாமல் திரும்பிப் போயிருக்க வேண்டும். பிறகு எழுந்து நின்றார். முழங்கால் சொடுக்கியது.

"இதை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

வந்தவருக்குப் புரியவில்லை. "நீங்களா? நீங்க வெஜிடேரியன்னு சொன்னீங்களே சார்."

"ஆமாம்" என்றார் இவர், அதையும் மறுக்காமல். "அதோ, அந்த நீலப் படகு இப்பத்தான் கரையேறறது. சம்பந்திக்கு அதுல பாருங்கோ. இன்னும் துடிச்சிண்டிருக்கும்."

அந்த மனிதர் "மொதல்லயே சொல்லி வெச்சுட்டீங்க போல" என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு நீலப் படகைப் பார்த்து நடந்தார். பக்கத்துக் கூடைகளில் பேரம் மறுபடி தொடங்கியது.

ரத்தினபாய் தலையைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. "இன்னாத்துக்கு சார் உனுக்கு இது? துன்னவும் மாட்ட. வூட்டுக்குள்ள ஏத்தவும் மாட்டாங்க. இத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

அவ்வளவு தூரம் அவர் யோசித்திருக்கமாட்டார் என்பது சின்மயியின் கணிப்பு. பூட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டு வந்தார். பைக்குள்ளிருந்து சிறுகீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்மயியின் கையில் அடுக்கினார், கன்னத்தில் வைத்துப் பார்க்காமல். மிருதுளா வந்து சேர்ந்திருந்தாள். மீனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பழைய திரைச்சீலையில் அவளே தைத்த பை, வேறு துணியோடு சேர்க்காமல் ஞாயிறு தோறும் தனியாக அலசுகிற பை. "ஏன்னா…" என்று ஆரம்பித்தவள் ரத்தினபாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டாள்.

யக்ஞநாராயணன் ரத்தினபாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெறும் பையின் வாயை இரண்டு கைகளாலும் அகல விரித்துப் பிடித்தார்.