எம்.சி.யை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருக்கும் பழனியப்பனிடம் போய், உடம்பு சரியில்லாமல் பரீட்சை எழுதவில்லை என்று சொல்வதற்கு, உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நோயாளி தாங்கக்கூடிய விசாரணை அல்ல அது. டாக்டர் கொடுத்த மருத்துவச் சான்றிதழை, அதாவது எம்.சி.யை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கிளினிக்குக்குப் போன் போடுவார். மாமா இறந்துவிட்டார் என்றால் எந்தச் சுடுகாடு என்று கேட்பார்.

இது அப்பா வழி வந்த குணம். அப்பா சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுவிட்டு, காய்ச்சல் என்று வராதவர்களின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க அவர்கள் குடியிருந்த லயத்துக்கே போனவர். அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு இப்போது செம்பனை நட்டிருக்கிறார்கள். சந்தேகத்துக்கு மட்டும் மறுநடவு தேவைப்படவில்லை.

இத்தனை வருடத்தில் பழனியப்பன் ஒரு எம்.சி.கூட எடுத்ததில்லை. ஆனால் அவரைச் சந்தேகிக்கவும் ஆளிருந்தது. தினமும் சாப்பாட்டுக்கு முன் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். யாரோடோ ரகசியமாகப் போன் பேசுகிறார் என்பது அலுவலகத்தின் முடிவு.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியத்தில் செகப்பி ஆச்சி தம் மகள் மீனுவை இவரிடம் அழைத்து வந்தார். பீடோரில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். மீனு இறுதித் தேர்வில் ஒரு தாளை எழுதவில்லை. தக்க காரணம் காட்டினால் மறுதேர்வு உண்டு. இல்லையென்றால் வருடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். கொண்டுவந்த எம்.சி.யில் நச்சுணவு, வாந்தி என்றிருந்தது.

வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு குறையும் இல்லை. அதுவே குறையாகப் பட்டது. என்ன சாப்பிட்டாய் என்றார். மீனு மீ கோரேங் என்றாள். அதே நேரத்தில் ஆச்சி நாசி லெமாக் என்றார். மீனுவின் பேச்சு குழறியது. நாக்கின் ஓரம் கன்றிப் புண்ணாகியிருந்ததைப் பழனியப்பன் பார்த்துவிட்டார்.

"மீ கோரேங் நாக்கைக் கடிக்குமா, ஆச்சி?"

மீனுதான் சொன்னாள். "பரீட்சைக்குக் கிளம்பறப்ப ரூம்லயே வலிப்பு வந்துருச்சு அங்கிள். இது மூணாவது தடவை."

"வாயை மூடு," என்றார் ஆச்சி.

சின்ன நோயைப் பெரிதாக்கி வருகிறவர்களைத்தான் பழனியப்பன் கண்டிருந்தார். பெரிய நோயைச் சின்ன நோய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்தது இவர்கள்தான். ஒரு நாள் வாந்திக்கு மறுதேர்வு கிடைக்காது, வலிப்புக்குக் கட்டாயம் கிடைக்கும், ஸ்பெஷலிஸ்ட் கடிதம் வேண்டும் என்று சொன்னார். ஆச்சி கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். பெண்ணுக்கு வரன் பேசுகிறார்களாம். செட்டியார்கள் எல்லாரும் கூடுவது ஒரே கோயிலில். பழனியப்பனும் கார்த்திகை தவறாமல் அங்கே வருகிறவர்.

"நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கன்னு எப்படிண்ணே நம்புறது? வருசம் போனா போவட்டும்லா."

"போறது என் வருசம்மா," என்றாள் மீனு.

நம்புங்கள் என்று சொல்லும் தகுதி தமக்கு இல்லை என்பது பழனியப்பனுக்குத் தெரியும். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றினால் ஊசி.

"இன்சுலின். ஆபீஸ்ல ஒரு ஆளுக்கும் தெரியாது. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். இனிமே என் சங்கதி வெளிய வந்தா அது நீங்க. ஒங்க சங்கதி வந்தா அது நான்."

ஆச்சி யோசித்தார். பேனாவைப் பார்த்து மட்டும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"சீட்டு ஏதாச்சும் இருக்காண்ணே?"

ஊரெல்லாம் சீட்டுக் கேட்டவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பர்ஸிலிருந்து அரசாங்க கிளினிக் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஆச்சி இரண்டு பக்கமும் படித்தார்; ஜன்னல் பக்கம் திருப்பியும் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஸ்பெஷலிஸ்ட் கடிதத்தை எடுத்து வைத்தார். வரும்போதே அது அங்கேதான் இருந்திருக்கிறது.

கடிதம் மூடிய உறையில் மேலே போனது. மீனு தனியறையில் மறுதேர்வு எழுதினாள்.

அடுத்த கார்த்திகையன்று கோயில் பந்தியில் பாயசம் வந்தது. பழனியப்பன் இலைமேல் கையை வைத்து மறைத்தார். பரிமாறியவர் விடவில்லை, ஏன் வேண்டாம் என்று நின்றார். எதிர் வரிசையிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"அண்ணே ரெண்டு தடவை வாங்கிட்டாக. நீ போப்பா."

சுத்தப் பொய். பழனியப்பன் ஆதாரம் கேட்கவில்லை. ஆனால் கை கழுவிய பிறகு ஆச்சி யார் யாரோடு நின்று பேசுகிறார் என்பதைத் தூணோரம் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். ஆச்சியும் அவரைத்தான்.