கருவாட்டு வாடை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அத்தையின் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அங்கே ரசம் கொதித்தால் இங்கே எனக்குப் பசிக்கும். இங்கே அப்பா குறட்டை விட்டால் அங்கே அத்தையின் மகன் சிரிப்பான். சொந்த அத்தை இல்லை. ஊரிலிருந்து ஒரே கப்பலில் இங்கே பிழைக்க வந்தவள் என்பதால் அப்பாவுக்குத் தங்கை முறை.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அத்தை மகனுக்கு அம்மை போட்டது. அவனுக்கு ஆறு வயது. அத்தை வாசலில் வேப்பிலை செருகிய அன்றே லயத்தின் பத்து வீடுகளிலும் தாளிப்பு நின்றுவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கடுகு வெடிக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, கருவாட்டுப் பேச்சே கூடாது. வாடை பட்டால் மாரியம்மனுக்குக் கோபம் வரும், பிள்ளைக்கு ஆகாது. காய்கறி கொண்டுவரும் சீனர்கூட வேப்பிலையைப் பார்த்துவிட்டுக் கூவாமல் வந்து கூடையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ நாக்கு செத்துப்போயிற்று. ஐந்து நாளாகக் கஞ்சியும் உப்பும். ஆறாம் நாள் மதியம் அம்மா, அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனாள். குசினிப் பானைக்குள் கருவாடு இருப்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு துண்டு, அதுவும் வால் துண்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று தணலில் போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை தன் மகனுக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டே மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு பாதியில் நின்றது. கருவாட்டைச் சாம்பலோடு வாயில் போட்டு விழுங்கிவிட்டுத் தணலில் தண்ணீரைக் கொட்டினேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம், ருசி தெரியவில்லை.

அம்மா திரும்பி வந்ததும் வராததுமாக மண்டோர் வீட்டம்மா வாடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மண்டோர் ரயில்பாதையில் ஆட்களை மேய்த்தார், அவர் மனைவி லயத்தை மேய்த்தாள். போன வருடம் இப்படி ஒரு அம்மை வீட்டுக்குப் பக்கத்தில் மீன் பொரித்தவர்களை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். குழாயடியில் யாரும் அவர்களுக்கு இடம் விடவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மூன்றாம் மாதம் அவர்கள் சட்டிபானையோடு கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். என்னால் எங்களுக்கும் அதே கதிதான் என்று நினைத்தேன். அம்மா ஒருமுறை மூச்சை இழுத்தாள், என்னைப் பார்த்தாள், முகம் வெளிறிப்போனாள்.

மண்டோர் வீட்டம்மா அத்தை வாசலில் நின்று, "எந்த வீட்டுலேருந்து வந்துச்சு? சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"எனக்கு ஒரு வாடையும் வரலையே அக்கா" என்றாள் அத்தை. பெற்றவளே இல்லை என்று சொன்னபின் மற்றவர்கள் என்ன பேச முடியும்? மண்டோர் வீட்டம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். அம்மாவால் என்னை அடிக்கவும் முடியவில்லை. சத்தம் சுவரைத் தாண்டுமே! என் வாயைப் பொத்திக்கொண்டு தொடையில் கிள்ளினாள்.

அதோடு தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் சுவருக்கு மேலாக அத்தையின் குரல் வந்தது.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு சின்னது தாயே, தெரியாம சுட்டுடுச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. மனிதர்களிடம் சொல்லாமல் நேரே மாரியம்மனிடமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே! இனி ஆத்தாள் சுவரைத் தாண்டி வரவேண்டியதுதான் பாக்கி. மேலே கேட்கத் தைரியமில்லாமல் இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து விடிந்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றில் முத்து போட்டிருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலையாயிற்று. கொசுக் கடியைப் பார்த்தும் அழுதேன்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. அத்தை மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது, ஆனால் இடது கண் வெள்ளையாகிப் போயிற்று. லயத்தார் தலையெழுத்து என்றார்கள். யார் எழுதியது என்று எனக்குத் தெரியும்.

அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் பத்து வீடுகளிலும் கடுகு வெடித்தது. அத்தை ஒரு தட்டில் சோறும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "ஆசையாத் தின்னு" என்றாள். குற்றத்தைச் சொல்லிக் காட்டத்தான் கருவாடு வைக்கிறாள் என்று நினைத்தேன். தட்டைத் தொடாமல் ஓடிப்போய்க் குழாயடிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். லயத்தை விட்டு நாங்கள் வீடு மாறும்வரை நான் அத்தையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

எனக்குத் திருமணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தாள். அன்று சாயங்காலம் அவளும் சுவரோரம்தான் நின்றிருக்கிறாள். நான் காதை அடைத்துக்கொண்டு கேட்காமல் விட்ட மிச்சத்தை, அத்தையின் குரலிலேயே சொன்னாள்.

"கோபம் தீரலேன்னா என் வீட்டோட நிறுத்திக்க தாயே. அந்தப் பக்கம் போயிடாதே."