கல்வெட்டு அக்காவின் பதில் ஆள்

அந்த ஆஸ்பத்திரியில் ஆயிரத்து முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேரின் பெயர், பிரிவு, போன் நம்பர், எந்தக் கதவைத் திறக்கலாம் என்ற அனுமதி எல்லாம் ஒரே டைரக்டரியில் இருந்தன. அந்த டைரக்டரி கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒருத்தியின் பொறுப்பு. அவளுக்குக் கல்வெட்டு அக்கா என்று பெயர்.

டைரக்டரியில் ஒருவரின் பக்கத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கலாம் என்று தீர்மானிப்பது ஸ்கீமா. அதில் புதுக் கட்டம் ஒன்றைச் சேர்த்தால் சேர்த்ததுதான். முடக்கலாம், அழிக்க முடியாது. நாலு வருடம் முன்பு, யாராவது லீவு போனால் அவர் வேலையை யார் பார்ப்பது என்று தெரிவதற்காக அக்கா ‘பதில் ஆள்’ என்றொரு கட்டம் சேர்த்தாள். உருவாக்கும்போதே அதற்கு ஓர் இணைப்பு எண் தர வேண்டும். பிறகு தர வழியே இல்லை. அக்கா மறந்துவிட்டாள். எண் இல்லாத கட்டம் ஒருவழிப் பாதையாகிவிட்டது: என் பதில் ஆள் யார் என்று பார்க்கலாம், நான் யாருக்கெல்லாம் பதில் ஆள் என்று பார்க்க முடியாது. முடக்கப்பட்டு இன்றும் அப்படியே கிடக்கிறது. அழிக்க முடியாத அந்தத் தப்பை வைத்து ‘கல்வெட்டு’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் கம்ப்யூட்டர் பிரிவின் மேலாளர்தான்.

இந்த முறை அக்காவுக்கு அவசரம். வெளியூரில் இருக்கும் மகளுக்கு இருபதாம் தேதி பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள், தலைப்பிரசவம் வேறு. நிர்வாகமோ, பதில் ஆள் பெயர் டைரக்டரியில் ஏறாமல் இனி யாருக்கும் லீவு இல்லை என்று சுற்றறிக்கை விட்டுவிட்டது. பழைய கட்டத்தை விட்டுவிட்டு, ‘பதில் ஆள்’, ‘யாருக்கெல்லாம்’ என்று ஒன்றோடொன்று இணைந்த இரண்டு புதுக் கட்டங்கள் சேர்க்கலாம் என்றாள் அக்கா.

“ரெண்டு பக்கமும் நாமளே எழுதிட்டாப் போச்சு. எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்?” என்றார் மேலாளர்.

“வேண்டாம் சார். நாம எழுதினா ஒரு பக்கம் மாத்துவாங்க, இன்னொரு பக்கம் மறந்துடுவாங்க. ரெண்டு கட்டத்துக்கும் ஜோடியா இணைப்பு எண் கொடுத்துட்டா ஒரு பக்கம் எழுதினாப் போதும், மறுபக்கம் தானா வந்துடும்.”

ஒற்றைக் காலில் நின்று சாதித்தாள். சோதனைக் கம்ப்யூட்டரில் மூன்று தடவை செய்து பார்த்தாள். பதில் ஆள் கட்டத்துக்கு ஓர் இரட்டை எண், ‘யாருக்கெல்லாம்’ கட்டத்துக்கு அதை அடுத்த ஒற்றை எண். பிறகு நிஜ டைரக்டரியில் பட்டனை அழுத்தினாள். வேலை செய்தது. அன்று அக்காவின் கால் தரையில் படவில்லை.

ஆளாளுக்குப் பதில் ஆள் பெயரை நிரப்பினார்கள். மூன்றாம் நாள் மருந்துக் கிடங்குக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“அக்கா, நான் முப்பத்தேழு பேருக்குப் பதில் ஆளாம்! ஆம்புலன்ஸ் டிரைவருக்குக்கூட நான்தானாம். எனக்கு சைக்கிளே சரியா ஓட்ட வராது.”

“கேட்டவங்களுக்கெல்லாம் தலையாட்டினீங்களா?”

“முகத்துக்கு நேரா எப்படி முடியாதுன்னு சொல்றது? நீங்களே இந்தப் பக்கம் அழிச்சிடுங்களேன்.”

“இந்தப் பக்கம் யாராலயும் தொட முடியாது. அவங்கவங்க பக்கத்துல எடுத்தாத்தான் இங்க மறையும்.”

பாவம் மனிதர், மாடி மாடியாக ஏறி இறங்கி முப்பத்து மூன்று பேரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாம். முகத்தில் அப்படியொரு தெளிச்சி.

இந்தக் கூத்தைக் கேட்டுச் சிரித்த மேலாளர் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ‘யாருக்கெல்லாம்’ கட்டம் காலி.

“என்ன மேடம், பழைய கதையா? எனக்கு ஒண்ணுமே வரலையே.”

அக்கா சரிபார்த்தாள். “எல்லாம் சரியா இருக்கு சார். யாரும் உங்க பேரைப் போடல, அவ்வளவுதான்.”

அவர் முகம் சுண்டிப்போனது. இவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டாமே என்று அக்காவுக்கே சங்கடமாகிவிட்டது. பேர் வைத்தவராகவே இருக்கட்டும், அவரும் மனிதர்தானே.

மறுநாள் மகள் போன் செய்தாள். “அம்மா, டிக்கெட் போட்டாச்சா?”

எங்கே போடுவது? ஊருக்கெல்லாம் வழி செய்தவளின் சொந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவள் வேலை அங்கே அவளைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். பதவி உயர்வுக்கு முன் மேலாளர் பார்த்த வேலை அது. வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

“சார், பத்து நாளைக்கு உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?”

“உங்களுக்கு அந்தப் பேரை வச்சது நான்தான், தெரியுமில்ல?”

“தெரியும் சார். தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

“போடுங்க.”

அங்கேயே அவர் கம்ப்யூட்டரில் நுழைந்து, தன் கட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் பக்கத்தைத் திறந்தார். ‘யாருக்கெல்லாம்’ கட்டத்தில் ஒரே ஒரு வரி, அக்காவின் பெயர். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை என்னால அழிக்க முடியாதுல்ல?”

“முடியாது சார். நான் எடுத்தாத்தான் போகும். வந்ததும் எடுத்துடறேன்.”

“பேத்தியோ பேரனோ, பார்த்துட்டு நிதானமா வாங்க,” என்றார். “வந்தப்புறமும் அதை எடுக்காதீங்க.”