கோலத்துக்குப் பறித்த வெள்ளரிப் பூ

என் நாத்தனார் தங்கப்பொண்ணைப் பற்றிப் பேச இந்தக் கோச்சடையில் என்னைவிட யோக்கியதை இல்லாதவள் கிடையாது. ஆனாலும் நான்தான் சொல்லியாக வேண்டும். நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பதினாறு வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். எட்டாம் மாதம் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். "புருஷனை முழுங்கினவ" என்று சொல்லி, மறுவாரமே மாமியார் வீட்டில் வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். அது முப்பத்தாறாம் வருஷம். வந்தவள் அழவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. ஐப்பசி மழை விட்டதும் கொல்லையில் தானே குழி வெட்டி, சாணி எருப் போட்டு, வெள்ளரி விதை ஊன்றினாள். பந்தலும் அவளே போட்டாள். எங்களோடு பேசாதவள் அந்தக் கொடியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

மார்கழி பிறந்தபோது பந்தல் பூத்துக் கிடந்தது. அந்த வருஷம் எங்களிடம் பூசணிக் கொடி இல்லை. வாசல் கோலத்துச் சாணி உருண்டையில் செருக மஞ்சள் பூ வேண்டுமே! தாலியறுத்தவள் கோலம் போடக்கூடாது என்று அதை நான்தான் போட்டேன். தினமும் காலையில் வெள்ளரிப் பூவைக் கிள்ளினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு எனக்கு. அடியில் பிஞ்சோடு இருக்கிற பூவைத் தொட மாட்டேன். பிஞ்சில்லாத வெறும் பூவாகப் பார்த்து, ஒன்று விடாமல் பறித்துவிடுவேன்.

பத்தே நாளில் பிஞ்செல்லாம் பழுத்து வெம்பி உதிர்ந்தது. பக்கத்து வீட்டு ராமக்காள் எட்டிப் பார்த்தாள்.

"தாலியறுத்தவ கை பட்டா பிஞ்சு தங்குமாத்தா?"

எனக்கு அப்போது நாலு மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தது. பயந்துவிட்டேன். பயம் என்று சொல்லி இப்போதும் தப்பிக்கப் பார்க்கிறேன், பாருங்கள்! என் வாயால்தான் சொன்னேன்.

"நீ இங்க இருந்தா என் வயித்துலயும் தங்காது போல. எங்கிட்டாச்சும் போயிரு தாயி."

கூடப் பிறந்தவர், என் வீட்டுக்காரர் காளை, குனிந்த தலை நிமிரவில்லை. அவள் இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துப் பக்கம் ஓர் அரிசி மண்டிக்குப் புடைக்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

மார்கழி முடிந்தது. கோலத்துக்குப் பூப் பறிப்பதும் நின்றது. தையில் பந்தல் கொள்ளாமல் காய் தொங்கியது. "பாத்தியா, அவ போனதும் காய்க்குது" என்றாள் ராமக்காள். நானும் தலையாட்டினேன். அந்தக் காயை உப்புத் தொட்டுத் தின்றேன். வைகாசிக் கடைசியில் மகன் பிறந்தான்.

மறு ஐப்பசியில் அதே குழியில் நானே விதை போட்டேன். மார்கழியில் பழையபடி கோலத்துக்குப் பூக் கிள்ளினேன்; அதே மாதிரி பிஞ்சு வெம்பியது. இந்தத் தடவை யார் தலையில் பழி போட? ஆற்று மணலில் வெள்ளரி போடுகிற பேயாண்டி அண்ணன் தெருவில் போனவர், என் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடி சோலையம்மா, அம்புட்டும் ஆம்பளைப் பூவுல்ல! இதைப் பூராம் கிள்ளிட்டா பிஞ்சு எப்படித் தரிக்கும்? வண்டு இதுல உக்காந்துட்டுல்ல பிஞ்சுப் பூவுக்குப் போகணும்?"

சாணிக் கையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன பாவம் செய்துவிட்டேன்!

பிள்ளையை இடுக்கிக்கொண்டு அன்றைக்கே கோரிப்பாளையம் போனேன். புடைத்துக்கொண்டிருந்தவளிடம் பிள்ளை கையை நீட்டினான். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்து, முறத்தைக் குறுக்கே பிடித்தாள்.

"தள்ளிப் போ மதினி. என் மூச்சு புள்ள மேல பட வேணாம்."

ஒரு வருஷமாக யார் பிள்ளையையும் அவள் தொட்டதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"பூவைப் பறிச்சுக் கெடுத்தது நாந்தான் தாயி. உன் கையில ஒரு குத்தமுமில்ல."

குறுக்கே பிடித்த முறத்தைக் கொஞ்சம் தாழ்த்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப அவரு? அவரும் என்னால சாகலையா மதினி?"

முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை அவள் மடியில் போட்டேன்.